பாலூட்டும் தாய்க்குத் துணை: மருத்துவச்சியும் நாமும்

மதீனாவின் வெளிப்புறத்தில் ஓர் இரவு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழக்கம்போல் மக்களின் நிலையை அறியச் சுற்றி வருகிறார்கள். ஒரு கூடாரத்தின் முன் ஒருவர் கவலையோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளிருந்து ஒரு பெண்ணின் முனகல் கேட்கிறது. விசாரித்தால், அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி. துணைக்கு ஒரு பெண்கூட இல்லை. உமர் (ரலி) அவர்கள் உடனே வீட்டுக்குப் போய்த் தம் மனைவி உம்மு குல்தூம் அவர்களை அழைத்து வருகிறார்கள். மாவையும் கொழுப்பையும் தாமே சுமந்து வருகிறார்கள். மனைவி கூடாரத்துக்குள் போய்ப் பிரசவம் பார்க்கிறார். கணவர் வெளியே அடுப்பு ஊதிச் சமைக்கிறார். பிள்ளை பிறந்ததும் அந்தச் சாப்பாடு முதலில் தாய்க்குப் போகிறது.

வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ள இந்தச் சம்பவத்தை உமர் (ரலி) அவர்களின் எளிமைக்கு உதாரணமாக நாம் பயான்களில் சொல்வதுண்டு. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு உள்ளே ஒரு மருத்துவச்சி வேண்டும். வெளியே அடுப்பு மூட்ட ஓர் ஆள் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தாய் தனித்துப் போகிறாள். தாய்ப்பால் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும்.

நம் வீட்டில் நடந்தது

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் நெல்லிக்குப்பத்தை அடுத்தது நம் மேல்பட்டாம்பாக்கம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்முடைய முதல் பிள்ளை பிறந்தபோது நாம் ஓதி முடித்து இமாமாகப் பணியில் இருந்தோம். பிள்ளையின் காதில் பாங்கு சொன்ன கையோடு, சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த தேன் சீசாவைத் திறந்தோம். பக்கத்தில் நின்ற வயதான நர்ஸம்மா நம் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

“ஹஜரத், கோவிச்சுக்காதீங்க. ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்குத் தேன் ஆகாது. இப்ப அது வாய்க்குப் போக வேண்டியது அம்மா பாலு மட்டும்தான். நீங்க ஓதுறத ஓதுங்க. பால் விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க.”

நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மார்க்கம் படித்தவருக்கு ஒரு நர்ஸ் பாடம் எடுப்பதா என்று தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வந்து கிதாபுகளைப் புரட்டியபோது வருத்தம் வெட்கமாக மாறியது. ஹிஜ்ரி 676ல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜுத் தாலிபீன் நூலில், பிறந்த பிள்ளைக்கு ‘லிபஃ’ கொடுப்பது தாயின் மீது கடமை என்று எழுதியிருக்கிறார்கள். லிபஃ என்றால் பிரசவித்தவுடன் சுரக்கும் முதல் பால். நாம் சீம்பால் என்கிறோமே, அதுதான். அதற்குப் பிறகான பாலை வேறொரு செவிலித்தாய் கொடுக்கலாம் என்று பேசும் ஷாஃபிஈ சட்ட நூல்கள், இந்த முதல் பாலைத் தாயே கொடுக்கச் சொல்கின்றன. பெரும்பாலும் அது இல்லாமல் பிள்ளை தேறாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மத்ரஸாவில் ஓதிய வரிதான். ஆனால் அதன் பொருள் பிரசவ அறையில் ஒரு நர்ஸம்மா தடுத்தபோதுதான் நமக்கு விளங்கியது.

அன்று அவர் காத்தது ஒரு பிள்ளையின் ஹக்கை. மருத்துவச்சியின் வேலை பிள்ளையை வெளியே எடுத்துத் தொப்புள்கொடி அறுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் பால் உறவு நிலைபெறும் வரை அது நீள்கிறது.

மருத்துவச்சி என்ற மதிப்பான பெயர்

அரபியில் மருத்துவச்சியை ‘காபிலா’ என்பார்கள். பிள்ளையை ஏந்திக்கொள்பவள் என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது. பிள்ளை பிறந்ததை நிரூபிப்பதில் மருத்துவச்சி ஒருவரின் சாட்சியமே போதும் என்று ஹனஃபி, ஹன்பலி சட்ட அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். அந்த அளவுக்கு அவர் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

நம் நாட்டில் இந்தத் தொழில் நவீன மருத்துவத்தோடு இணைந்த வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844ல் தொடங்கியது. பர்தா பேணும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கி, வீட்டிலேயே உயிரை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி மேரி ஷார்லீப் இதைக் கண்டு, 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். பிறகு லண்டனிலும் படித்துத் திரும்பி, 1885ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. பழையவர்கள் அதை இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்பார்கள். கோஷா என்றால் பர்தா. நம் பெண்களின் கண்ணியத்துக்காகவே ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இன்று அந்த மருத்துவச்சியின் இடத்தில் இருப்பவர்கள் பிரசவ வார்டின் செவிலியர்களும், ஊரில் நாம் நர்ஸம்மா என்று அழைக்கும் கிராம சுகாதார செவிலியர்களும். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவது முதல் பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது வரை அவர்தான் தொடர்பு.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு அல்லாஹ் குர்ஆனில் (2:233) சொல்லும் காலமும் நிறைவான இரண்டு ஆண்டுகள்தான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இது 99.6 விழுக்காடு. ஆனால் முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைக்கும் பிள்ளைகள் பத்தில் ஆறு பேர் அளவுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் பாதியைச் சற்றே தாண்டுகிறார்கள். மருத்துவமனை வாசல் வரை வந்துவிட்ட நாம், பால் விஷயத்தில் ஏன் பின்தங்குகிறோம்?

ஒரு காரணம் சிசேரியன். அதே கணக்கெடுப்பில் நம் மாநிலப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழிப்போடுதான் இருக்கிறார். தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் சீக்கிரமே பாலூட்ட முடியும். ஆனால் அவரால் தானாக எழுந்து பிள்ளையைத் தூக்க முடியாது. அங்கே செவிலியரின் கைகள் தேவை. பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கிடத்துவதும், உடம்புச் சூடு ஒன்றோடொன்று பட வைப்பதும், பிள்ளை தானாகப் பாலைத் தேடும்வரை பொறுமையாக இருப்பதும் அவர் பணி.

இரண்டாவது காரணம் ‘பால் இன்னும் ஊறவில்லை’ என்ற பயம். முதல் இரண்டு மூன்று நாட்கள் சீம்பால் கரண்டிக் கணக்கில்தான் வரும். பிறந்த பிள்ளையின் இரைப்பையும் சிறியது. அதற்கு அது போதும். மஞ்சளாக, கெட்டியாக இருப்பதால் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. உண்மையில் நோய் எதிர்ப்புச் சக்தி செறிந்திருப்பது அதில்தான். இதைத் தாய்க்கும் மாமியாருக்கும் ஒரே நேரத்தில் எடுத்துச் சொல்லிப் பயத்தைப் போக்குவது மருத்துவச்சி செய்யும் மருந்தில்லா மருத்துவம்.

பால் குடிக்கும் முறை

பால் கொடுப்பது இயற்கைதான். ஆனால் நடக்கப் பழகுவதுபோல அதையும் தாயும் பிள்ளையும் பழக வேண்டும். மருத்துவச்சி கவனிப்பவை இவை:

பிள்ளையின் தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில், தாயின் வயிற்றை ஒட்டி இருக்க வேண்டும். வாய் அகலமாகத் திறந்து, காம்பு மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் தாய்க்குப் புண்ணாகும். பிள்ளைக்கும் பால் வராது. ‘எனக்குப் பால் இல்லை’ என்று அழும் பல தாய்மாருக்கு உண்மையில் இல்லாதது பால் அல்ல, இந்தப் பிடி.

கடிகாரம் பார்க்காமல், பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். இரவும் பகலும் சேர்த்து 8 முதல் 12 முறை என்பது சாதாரணம். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். இடையில் ஒருவேளை புட்டிப்பால் கொடுத்தால் அந்தவேளைச் சுரப்பு குறையும்.

பால் போதுமா என்பதற்குச் சிறுநீர்தான் சாட்சி. முதல் வாரம் முடியும்போது ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ போனால், எடையும் ஏறினால், போதுமான பால் கிடைக்கிறது. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

மார்பு சிவந்து வலித்துக் காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய் காரணமின்றி அழுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய்தான். ‘ஜின் கோளாறு’ என்று சொல்லித் தாயத்துக் கட்டிக் காலம் கடத்துவது அநியாயம். சந்தேகங்களுக்கு 104 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

சேனை, தேன், கழுதைப்பால்

நம் பகுதியில் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொடுவார்கள். கழுதையை ஓட்டி வந்து சங்களவு பால் விற்பவரிடம் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. வெயில் நாளில் தண்ணீர் கொடுப்பதும், வயிற்று வலிக்கு கிரைப் வாட்டர் கொடுப்பதும் அன்றாட வழக்கம். பாட்டிமார் இதையெல்லாம் பாசத்தால்தான் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் இவற்றால் பிள்ளையின் சிறு வயிறு நிறைந்து தாய்ப்பால் குறைகிறது. கிருமியும் உள்ளே போகிறது. ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

‘தேனில் ஷிஃபா உண்டு என்று குர்ஆன் (16:69) சொல்கிறதே’ என்று நம்மிடம் கேட்பார்கள். உண்டுதான். அதற்காக எல்லா மருந்தும் எல்லா வயதுக்கும் ஆகிவிடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒருவகைக் கிருமி, குடல் முதிராத பிள்ளைக்குக் கை கால் தளரும் கடும் நோயைக் கொடுக்கக்கூடும். அதனால்தான் ஒரு வயது வரை வேண்டாம் என்கிறார்கள்.

அப்படியானால் தஹ்னீக்? அது நபி (ஸல்) அவர்களின் சுன்னத். அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) பிறந்தபோது பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் வாயில் அவர்கள் தடவிய செய்தி புகாரீயில் இருக்கிறது. அது மேலண்ணத்தில் தடவும் சிறிதளவு. பசியாற்றும் உணவு அல்ல. அதற்காகத் தாய்ப்பாலைத் தள்ளிப்போடுவது சுன்னத் அல்ல. கை சுத்தமாக இருக்கட்டும். நோயுள்ளவர் மென்று கொடுக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளை, தீவிர சிகிச்சையில் இருக்கும் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

நர்ஸம்மாவின் துணை ஆஸ்பத்திரியில் சில நாட்கள்தான். வீட்டுக்கு வந்த பிறகு 42 நாட்கள் வரை அவர் இடையிடையே வந்து பார்க்கலாம். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வீரிட்டு அழும்போது பக்கத்தில் இருப்பது கணவனும் மாமியாரும்தான்.

பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்று 2:233 வசனமே பேசுகிறது. பிள்ளையை வைத்துத் தாய்க்கோ தந்தைக்கோ துன்பம் தரக்கூடாது என்கிறது. பால்குடி நிறுத்துவதைக்கூட இருவரும் கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. ஆக, பாலூட்டல் பெண்ணின் தனி வேலை என்று ஒதுங்க ஆணுக்கு இடமில்லை.

தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாக வேண்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அது தவறு. சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை என்று வயிறார சாப்பிடட்டும். மர்யம் (அலை) அவர்களுக்குப் பிரசவ வேதனையின்போது கிடைத்த ஆறுதல், பழத்தை உண்டு, நீரைப் பருகி, கண்குளிர்ந்திருக்குமாறு சொல்லப்பட்டதுதான் (19:25-26). உணவு, நீர், மன நிம்மதி மூன்றும் அதில் இருக்கின்றன.

இன்னொன்று, தனிமை. அகீகா நாளன்று வீடு நிறைய விருந்தாளிகள். பிள்ளை கைமாறிக்கொண்டே இருக்கிறது. தாய் பால் கட்டிய வலியோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்கள் நடமாட்டத்தில் எங்கே போய்ப் பாலூட்டுவது என்று தவிக்கிறாள். திரை போட்ட ஓர் அறையை அவளுக்காக ஒதுக்கிவைப்பது பிரியாணிக்கு ஆள் பார்ப்பதைவிட முக்கியம். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களிலேயே பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நம் திருமண மண்டபங்களிலும் பள்ளிவாசலின் பெண்கள் பகுதியிலும் அப்படி ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது?

பெண்கள் கேட்கும் சில மஸாயில்

பாலூட்டினால் ஒளு முறியுமா? முறியாது. தாய்ப்பால் தூய்மையானது, ஆடையில் பட்டாலும் தொழலாம். நிஃபாஸ் காலத்தில் பாலூட்டவும் எந்தத் தடையும் இல்லை.

ரமளானில் நோன்பு வைத்தால் தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று பயந்தால் தாய் நோன்பை விடலாம். பிறகு களா செய்ய வேண்டும். பிள்ளைக்காக மட்டும் பயந்து விட்டால் களாவோடு ஃபித்யாவும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹப். களா போதும் என்பது ஹனஃபி மத்ஹப்.

மற்றொரு தாயின் பாலைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், நபி (ஸல்) அவர்களே ஹலீமா (ரலி) அவர்களிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள். ஆனால் அதனால் பால்குடி உறவு ஏற்பட்டுத் திருமணத் தடை வரும் (4:23). ஹனஃபியில் ஒருமுறை குடித்தாலே உறவு உண்டாகும். ஷாஃபிஈயில் ஐந்து முறை. குறைமாதப் பிள்ளைகளுக்காக அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் வந்திருக்கின்றன. இதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. 1985ல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி வங்கி முறையைத் தடுத்தது. யூசுஃப் அல்கர்ளாவீ போன்றோர் அனுமதித்தார்கள். பிள்ளையின் உயிர் ஊசலாடும்போது மருத்துவரின் ஆலோசனைப்படி நடந்து, முடிந்தால் யாருடைய பால் என்பதைக் கேட்டு எழுதிவைத்து, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டமும் உதவியும்

பால்பவுடர் டப்பாவை விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் இந்தியாவில் குற்றம். 1992ல் வந்து 2003ல் கடுமையாக்கப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் இதைத் தடுக்கிறது. யாராவது இலவச டப்பா கொடுத்தால் வாங்காதீர்கள். மருத்துவக் காரணத்தால் பால்பவுடர் தேவைப்படும் தாய்மாரும் உண்டு. அவர்களைக் குத்திப் பேசுவது பாவம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. இதற்கும் நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு 2017ன் சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு.

உமர் (ரலி) அவர்கள் செய்த இன்னொரு திருத்தம்

கட்டுரையைத் தொடங்கிய இடத்துக்கே வருவோம். பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தான் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்று உமர் (ரலி) அவர்கள் விதித்திருந்தார்கள். ஓர் இரவு ஒரு பிள்ளை ஓயாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தபோது, உதவித்தொகைக்காகத் தாய் அவசரமாகப் பாலை மறக்கடிக்க முயல்வது தெரிந்தது. கலீஃபா கலங்கிப் போனார்கள். இனிப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உதவித்தொகை உண்டு, யாரும் அவசரப்பட்டுப் பாலை நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தார்கள். அவர்கள் தாயைக் கண்டிக்கவில்லை. தாயை நெருக்கிய விதியை மாற்றினார்கள்.

நம் ஜமாஅத்துகளும் இப்படிச் சிந்திக்கலாம். ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அந்த வாரத்தில் ஊர் நர்ஸம்மாவை அழைத்துப் பெண்கள் மத்ரஸாவில் பேசவைக்கலாம். மாமியார்களை முன்வரிசையில் உட்கார வைக்கலாம். ஜும்ஆ பயானில் கணவன்மாருக்கு இதைச் சொல்லலாம். நன்றாகப் படிக்கும் நம் பெண்பிள்ளைகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்துவிடலாம். பெண்ணுக்குப் பெண் மருத்துவம் பார்க்க வேண்டும் என்று விரும்பும் சமுதாயம் அந்தப் பெண்ணை உருவாக்கவும் வேண்டுமல்லவா?

அன்று நம்மைத் தடுத்த அந்த நர்ஸம்மா இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார். அவர் காத்துக்கொடுத்த பிள்ளை இன்று பத்தாம் வகுப்பு படிக்கிறது. அவருக்கு நாம் அன்று நன்றி சொல்லவில்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். அந்தக் கடனில் ஒரு பங்காவது இந்தக் கட்டுரையால் அடையட்டும்.

நம் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகக் கண்விழிக்கும் செவிலியர்களுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தையும் நல்வாழ்வையும் வழங்குவானாக! ஆமீன்.